கண்ணோரத்துச் சக்கரம்

ஜூன் 2, ஞாயிறு

கேமரா வகுப்பில் இன்று முதல் நாள். ‘ஒன்றுமே தெரியாதவர்களுக்கு’ என்று நோட்டீஸில் போட்டிருந்தது. ஒன்றுமே தெரியாதவர்களை ஏமாற்றுவது சுலபம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

நடத்துகிறவர் பெயர் அன்வர். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர். தன் ஸ்டுடியோ மாடியிலேயே நாற்காலி போட்டு வகுப்பு வைத்திருக்கிறார். என் கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல மாடலுங்கம்மா, யார் வாங்கிக் குடுத்தாங்க?” என்றார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியவில்லை. மகன் என்று மட்டும் சொன்னேன். மஸ்கட்டில் இருக்கிறான் என்று சொல்லவில்லை. வெளிநாட்டு மகன் என்று தெரிந்தால் அடுத்த வாரமே இன்னொரு லென்ஸை நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

கோகுல் போன லீவில் வந்தபோது இந்தக் கேமராவைக் கையில் கொடுத்து, “ரிட்டயர் ஆயி சும்மா உக்காந்துட்டு எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டு இருக்காதீங்கம்மா. இதையாச்சும் கத்துக்கங்க” என்றான். சந்தேகப்படுவது என் தொழில். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்ற காலமெல்லாம், துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை எங்கே, கறை எங்கே, நூல் விட்ட இடம் எங்கே என்று தேடுவதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிற துணியை நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்று கேமராவைப் பிடிப்பது எப்படி என்று மட்டும். வாரைக் கழுத்தில் மாட்ட வேண்டும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூச்சை விட்டுவிட்டு பட்டனை மெதுவாக அழுத்த வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் துளையில் எனக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. கேமரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். அன்வர் சிரித்தார். “ரிப்பேர் இல்லீங்கம்மா. தொளைக்குப் பக்கத்துல கண்ணோரமா ஒரு சின்னச் சக்கரம் இருக்கும் பாருங்க. அவங்கவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருப்பி வெச்சுக்கோணும். வெள்ளெழுத்துன்னா பிளஸ் பக்கம், தூரத்துல தெரியாதவங்க மைனஸ் பக்கம். ஒருத்தர் கண்ணுக்கு வெச்சது இன்னொருத்தருக்கு ஆகாது.”

பிளஸ் பக்கம் திருப்பினேன். எதிர்ச் சுவர்க் காலண்டரில் இருந்த பூச்சி எழுத்துகூடத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் ஜமுனா என்று ஒரு ரிட்டயர்டு டீச்சர். மொட்டைமாடியில் பூச்செடி வைத்திருக்கிறாராம், பூவைத் தவிர வேறு பேச்சே இல்லை. என் நோட்டை எட்டி எட்டிப் பார்க்கிறார். டீச்சராக இருந்தவர் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதுவதை இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 3, திங்கள்

முருங்கை மரம், பூட்டு, தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். வீட்டுக்காரரை உட்கார வைத்து நேற்றுப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். ஆயுள் முழுக்க பஸ் ஓட்டினவர், எந்த இயந்திரத்தையும் சட்டென்று புரிந்துகொள்வார். ஆனால் இவ்வளவு அக்கறையாக நான் சொல்லி எதையும் அவர் கேட்டதில்லை. சக்கரத்தைத் தானும் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கேள்வி.

“ரொம்பக் கிட்டத்துல வெச்சு எடுத்தா தெளிவா வுழுவுமா, கோதை?”

“வுழுவும்ங்க. பூப்போட்ட பட்டன் ஒண்ணு இருக்குது, அதுல வெக்கோணும்.”

“அழிச்சா சுத்தமாப் போயிருமா?”

“போயிரும்.”

எதற்குக் கேட்டார்? இவருக்கு எதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்? மாடியில் இருக்கிறவள் கேட்கச் சொல்லியிருப்பாள். மருமகள் பிருந்தா. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள், நாள் பூராவும் மாடிக் கதவு சாத்தியிருக்கும். கோகுல் கேமராவை எனக்குக் கொடுத்தபோது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

ஜூன் 5, புதன்

வீட்டுக்காரர் புகையிலையை விட்டுவிட்டார். நானாகக் கேட்டபிறகுதான் சொன்னார். ஒரு வாரம் ஆகிறதாம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கத்தினேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் தூங்குவார். “ராத்திரி வண்டிக்குத் தூக்கம் வராம இருக்கோணுமில்ல” என்பார். ரிட்டயர் ஆனபிறகு எந்த வண்டி? நான் சொல்லி விடாதவர் இப்போது யார் சொல்லி விட்டார்? சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வயிறு எரிகிறது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று வெளிச்சத்தைப் பற்றிய பாடம். லென்ஸின் வாய் எவ்வளவு திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, உள்ளே இருப்பது வெளிச்சத்துக்கு எவ்வளவு சொரணையாக இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் படம் என்றார் அன்வர். மற்றவர்கள் விழித்தார்கள். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. சாயப் பட்டறையில் சாயம் எவ்வளவு, துணி எவ்வளவு நேரம் ஊறுகிறது, துணி எந்தத் துணி, அவ்வளவுதான். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். சொன்னேன். அன்வர், “அடுத்த பேட்ச்சுக்கு இதையே சொல்லிக் குடுத்தர்றேனுங்கம்மா” என்றார். சொல்லட்டும். என் பேரைச் சொல்லமாட்டார்.

ஆனால் வகுப்பில் ஒரு சங்கடம். கேமராவைக் கண்ணில் வைத்தால் மறுபடி கலங்கல். பார்த்தால் சக்கரம் மைனஸ் பக்கக் கடைசியில் இருக்கிறது. பையில் உரசித் திரும்பியிருக்கும் என்று சொல்லித் திருப்பி வைத்துக் கொடுத்தார் அன்வர். உரசினால் கொஞ்சம் திரும்பும். கடைசி வரைக்குமா போகும்?

ஜூன் 11, செவ்வாய்

காலையில் சக்கரத்தை நானே பிளஸில் வைத்து பீரோவில் வைத்தேன். சாயங்காலம் எடுத்தால் மைனஸ் கடைசி.

யாரோ என் கேமராவை எடுக்கிறார்கள். எடுத்துவிட்டு, எடுக்காத மாதிரி அதே தட்டில் அதே பக்கமாகத் திருப்பி வைக்கிறார்கள். சக்கரத்தை மட்டும் மறந்துவிட்டார்கள்.

மைனஸ் பக்கம் தூரப்பார்வை இல்லாதவர்களுக்கு. பிருந்தாவின் மூக்குக்கண்ணாடி கனம் எல்லாருக்கும் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே நான் சொன்னேன். வீட்டுக்காரருக்கும் கண்ணாடி உண்டுதான், ஆனால் அவர் கேமராவைத் தொட்டு என்ன செய்யப்போகிறார்.

ஜூன் 13, வியாழன்

புளிக்குழம்பு வைத்தேன். ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். “வேண்டாம் கோதை, தயிர் போதும்.” என் குழம்புக்கு இத்தனை வருஷத்தில் இந்த மரியாதை கிடைத்ததில்லை. அப்புறம் அடுப்படியில் எட்டிப் பார்த்தால், பிருந்தா அவருக்குத் தனியாகக் காரமில்லாமல் குழைந்த பருப்புச் சாதம் ஆற வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

என் சமையலை அவர் நாக்கிலிருந்து பிரிக்கிறாள். மெதுவாக, திட்டம் போட்டு. முதலில் புகையிலை, இப்போது குழம்பு.

ஜூன் 14, வெள்ளி

டார்ச்சைக் காணோம். கரண்ட் போனபோது தேடித் தேடி அலுத்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

இன்றைய பாடம் எனக்காகவே நடத்தினது போல இருந்தது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் தானாக ஒரு எண் போடும். வரிசையாக ஏறிக்கொண்டே போகும். படத்தை அழித்தாலும் அந்த எண் திரும்ப வராது, அடுத்த படம் அடுத்த எண்ணில்தான் உட்காரும். “அதனால வரிசையில நடுவுல எண் விட்டுப் போயிருந்தா, அங்க ஒரு படம் இருந்துச்சு, அழிச்சிட்டோம்னு அர்த்தம்” என்றார் அன்வர்.

என் கார்டை அப்போதே பார்த்தேன். தண்ணீர்க் குடத்துக்கு அப்புறம் ஒரு ஓட்டை. வகுப்பில் எடுத்த படங்களுக்கு அப்புறம் ஒரு ஓட்டை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு முன்னால் இரண்டு. நான் இதுவரை ஒரு படத்தையும் அழித்ததில்லை. ஆடாமல் எடுத்தது, ஆடி எடுத்தது எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன்.

துணியில் நூல் விட்ட இடம் மாதிரிதான். தொடக்கம் ஒரே ஒரு கண்ணி. பார்க்கத் தெரிந்தவளுக்குப் போதும்.

அழிக்கிற மாதிரி என்ன படம் எடுக்கிறாள்? யாருக்கு அனுப்பத் தன் போனை விட்டுவிட்டு என் கேமராவில் எடுக்கிறாள்? போன் என்றால் எல்லாப் படமும் தானாகக் கோகுலுக்குப் போய்விடும். வீட்டில் எல்லார் போனையும் அவன் அப்படித்தான் இணைத்து வைத்திருக்கிறான். அப்படியென்றால் கோகுல் பார்க்கக் கூடாத படம்.

ஜூன் 18, செவ்வாய்

பீரோக் கதவில் ஒரு நூலை ஒட்டி வைத்தேன். சாம்பல் நிறம், கதவின் நிறத்தோடு கலந்துவிடும். கதவைத் திறந்தால் அறுந்துவிடும். ஜமுனா டீச்சர் போன் பண்ணினார், ரோஜாவை எந்த நேரத்து வெயிலில் எடுத்தால் நல்லது என்று. எனக்கு இப்போது ரோஜா ஒன்றுதான் குறை.

ஜூன் 20, வியாழன்

நூல் அறுந்திருந்தது.

காலையில் இட்லி ஊற்றி வைத்துவிட்டு வந்து பார்த்தேன், முழுசாக இருந்தது. துணி காயப் போட மொட்டைமாடிக்குப் போய் இறங்குவதற்குள் அறுந்துவிட்டது. அந்த நேரத்தில் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் குளியலறைக்குள் போனால் வருவதே இல்லை. தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்காது. கதவைத் தட்டினால் “வர்றேன் வர்றேன்” என்று வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பதில் வரும். அது கிடக்கட்டும். அவர் உள்ளே இருந்தார், நான் மொட்டைமாடியில். வீட்டில் மிச்சம் இருந்தது ஒருத்திதான்.

ஜூன் 21, வெள்ளி

கேட்டே விட்டேன்.

“என்ற கேமராவ நீ எடுக்கறயா கண்ணு?”

“இல்லீங்களே அத்தை.”

“எடுத்தா எடுத்தேன்னு சொல்லு. நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்.”

“நான் தொடவே இல்லீங்க. எனக்கு எதுக்குங்க அது?”

“எதுக்குன்னுதான் நானும் கேக்கறேன். எடுத்துப்போட்டு அழிக்கற மாதிரி என்ன படம் அது? இன்னொண்ணும் கேக்கறேன். அவருக்குத் தனியா ஆக்கிப் போடச் சொல்லி உன்னைய யாரு கேட்டா?”

வீட்டுக்காரர் பக்கம் பார்த்தாள். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே மாடிக்குப் போனாள், அவர் வாயே திறக்கவில்லை. குற்றம் இல்லை என்றால் அவராவது பரிந்து பேசியிருப்பார் அல்லவா?

கோகுலுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கத்தினான். அப்புறம் “சரி, வைங்கம்மா” என்று வைத்துவிட்டான். அவன் வைத்த விதம் எனக்கு நன்றாக இல்லை, ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறுகிறவள் நான் இல்லை.

ஜூன் 22, சனி

பிருந்தா கோபியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். பெட்டி கட்டியாகிவிட்டது. “போ, வேண்டாங்கல. நாளைக்கு ஒரு நாள் இருந்து என்ற கூட வகுப்புக்கு வந்துட்டுப் போ” என்றேன். அழித்த படத்தைத் திரும்ப எடுப்பது எப்படி என்று நாளைக்குப் பாடம், அன்வர் போனில் சொன்னார். அழித்தால் போய்விடும் என்று நான் சொன்னதே தப்பாம், நல்ல வேளை. அவள் பெட்டியை மாடிப்படியில் வைத்துவிட்டு, “வர்றேனுங்க. வந்தாத்தானே உங்களுக்குத் தெளிவாகும்” என்றாள்.

என்ன நெஞ்சழுத்தம்.

ஜூன் 23, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கு ஏற்ற மாதிரி மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அன்வர் லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டி, சுவரில் திரையை விரித்துப் பாடத்தை ஆரம்பித்தார். “அழிச்சிட்டோம்னு நெனைக்கறது அழியறதில்லீங்க. கேமரா பேரை மட்டுந்தான் எடுத்துடும். அந்த எடத்துல வேற படம் வந்து உக்கார்ற வரைக்கும் பழசு அங்கயேதான் இருக்கும். யார் கார்டுலயாச்சும் பண்ணிப் பாக்கலாமுங்களா?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். கார்டை எடுத்து நீட்டினேன்.

“வீட்டுப் படம் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கம்மா. தனியாப் பாத்துக்கலாம்.”

“எங்க வீட்டுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. எல்லாரும் பாக்கட்டும்” என்றேன். பிருந்தா பின் வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் லேப்டாப்பில் ஒரு கோடு நகர்ந்தது. அப்புறம் முதல் படம் வந்தது. சிவப்பாக, ஈரமாக, கலங்கலாக என்னவோ. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் ஜமுனா, “செம்பருத்தியா?” என்றார். அடுத்தது கொஞ்சம் தெளிவு. சிவப்புக்கு நடுவில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு. அதற்கடுத்ததில் அந்த வெள்ளை இன்னும் கொஞ்சம் பரவி, ஓரம் தடித்திருந்தது.

அன்வருக்கு ஒரே சந்தோஷம். “அருமையா எடுத்திருக்கீங்கம்மா! இவ்ளோ கிட்டத்துல ஃபோகஸ் நிக்கறதே கஷ்டம். வெளிச்சம் ஒரு பக்கமா வருது பாருங்க, டார்ச் அடிச்சு எடுத்திருக்கீங்க. அதனாலதான் அந்த மேடு பள்ளமெல்லாம் தெரியுது. ஒரே பூவை வேற வேற நாள் எடுத்திருக்கீங்க, இல்லீங்களா? உள்ள அந்த வெள்ளை எப்படி விரியுது பாருங்க.”

“என்ன பூவுங்க இது? எங்க வாங்கினீங்க செடி?” என்று ஜமுனா என் கையைப் பிடித்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டார்ச் என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது. எங்கள் வீட்டு டார்ச். கடைசிப் படம் வந்தது. அது கொஞ்சம் தள்ளி எடுத்தது. மேலே நரைத்த மீசை மயிர் நாலைந்து. கீழே, வரிசையில் ஒரு வெள்ளிப் பல். கோகுல் கல்யாணத்துக்கு முன்னால், போட்டோவில் ஓட்டையாகத் தெரியும் என்று நான்தான் அடம்பிடித்துக் கட்ட வைத்த பல்.

“அது பூ இல்லீங்க” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். “பூ இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு வாயிங்க அது.”

அன்வரின் கை லேப்டாப்பில் எதை அழுத்துவது என்று தெரியாமல் தடுமாறியது. பிருந்தாதான் எழுந்து வந்தாள். நேராகத் திரைக்கு முன்னால் போய் நின்று எல்லாருக்கும் மறைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரின் வாய் அந்தப் பெண்ணின் மஞ்சள் சுடிதார் மேல் விழுந்தது. “அணைச்சுடுங்க சார்” என்றாள். “அத்தை, வாங்க போலாம்.”

அவளைப் பிடிக்கத்தான் நான் அத்தனை பேர் முன்னால் அந்தப் படத்தைப் போட வைத்தேன்.

ஆட்டோவில் கேட்டேன், “உனக்குத் தெரியுமா?”

“அல்சர்னு சொன்னாருங்க அத்தை. காரம் ஆகல, உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. அதுக்குத்தான் தனியா ஆக்கிக் குடுத்தேன். இது எனக்குத் தெரியாதுங்க.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வீட்டில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “வாயத் தொறங்க” என்றேன். பிருந்தாவைப் பார்த்தார், என் கையில் இருந்த கார்டைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தார்.

இடது கன்னத்துக்கு உள்ளே. புகையிலையை அடக்குகிற இடம். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியும். தினம் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷர் ஒரு பக்கமாக மெல்வது எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 24, திங்கள்

காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். பிருந்தா லீவு போட்டாள். பெட்டி கட்டினது கட்டினபடி மாடிப்படியில் இருக்கிறது.

டாக்டர் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் விடாமல் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. “எப்ப இருந்து இருக்கு?” என்றார். இவர், “கொஞ்ச நாளா” என்றார். அன்வரிடம் கேட்டு வாங்கிய அந்தப் படங்களைப் பிருந்தா தன் லேப்டாப்பில் தேதி வாரியாகக் காட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பெரிது பண்ணிப் பார்த்தார்.

“படத்துல வலது பக்கமால்ல தெரியுது?”

“பாத்ரூம் கண்ணாடியப் பாத்து எடுத்தேனுங்க” என்றார் இவர். “கேமராவக் கண்ணுல வெச்சுட்டு வாயத் தொறந்துக்குவேன். மூக்குக்கண்ணாடி போட்டுட்டுத் தொளையில பாக்க முடியல. அதுதான் அந்தச் சக்கரத்தைத் திருப்பி வெச்சுட்டேன்.”

“எவ்ளோ வேகமாப் பெருசாகுதுன்னு இதுல தெரியுது. இது எனக்கு ரொம்ப உதவிங்க” என்றார் டாக்டர். சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

திரும்பும்போது வெளியில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், எனக்கு வேறு மாதிரி கேட்க வரவில்லை. “என்றகிட்டச் சொல்லறதுக்கு என்னங்க?”

“கொறையுதான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். புகையிலைய உட்டா கொறைஞ்சிரும்னு நெனைச்சேன். ஒவ்வொருக்காவும் எடுத்துப் பாக்கறது, பெருசாத் தெரியும், அழிச்சுப்போடறது.” அப்புறம், “உன்றகிட்டச் சொன்னா நீ சொன்னதுதான் சரின்னு ஆயிருமில்ல கோதை. அதைக் கேக்கறதுக்குத்தான் பயம்” என்றார்.

நான் அழுதேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் பார்க்க அழுதேன்.

ஜூன் 25, செவ்வாய்

“தப்பு என்ற மேலதான் கண்ணு” என்று பிருந்தாவிடம் சொன்னேன். “ஆமாங்க அத்தை” என்றாள். இல்லை, பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“கோகுல்கிட்ட நீ சொல்லறயா?”

“நீங்களே சொல்லுங்க. என்னையப் பத்திச் சொன்னீங்கல்ல, அதே போன்ல சொல்லுங்க.”

சொன்னேன். அவள் பக்கத்திலேயே நின்று கேட்டாள். அப்பாவைப் பற்றிச் சொல்வதைவிட அவளைப் பற்றிச் சொல்வதுதான் வாய்க்குக் கஷ்டமாக இருந்தது. இதை எழுதவும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பெட்டி இன்று படியில் இல்லை. பிரித்துவிட்டாளா, உள்ளே வைத்துக்கொண்டாளா என்று போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

ரிசல்ட் வந்தது. அதேதான். ஆனால் கழுத்துக்கு இறங்கியிருக்கிற மாதிரி தெரியவில்லையாம், ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிருந்தாவிடம் சொன்னேன், முதல்முறையாகச் சிரித்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. அன்வர் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே நின்று, “தெரியாமப் பேசிட்டேனுங்கம்மா. பூன்னு சொல்லி, நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டேன்” என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். லென்ஸ் எதுவும் விற்கவில்லை. ஜமுனா டீச்சர் ரோஜாக் கன்று ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார். சந்தேகப்பட என்னால் முடியவில்லை. நட்டு வைத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

ஆபரேஷன். உள்ளே கொண்டுபோகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ சொன்னது சரிதான்” என்றார். அதைக் கேட்க எத்தனையோ வருஷம் காத்திருந்தவள் நான். வாயை மூடுங்க என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்து சில நாள் ஆகிறது. கன்னத்தில் தையல், மூக்கில் குழாய். பேசக் கூடாது. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். அதிலும் என்னிடம் கேட்பதைவிடப் பிருந்தாவிடம் கேட்பதுதான் அதிகம். எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இன்று ரோஜாவில் ஒரு மொட்டு. படம் எடுக்கலாம் என்று கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். கலங்கல். சக்கரம் மைனஸ் கடைசியில் இருந்தது.

மறுபடி வாயைப் பார்க்கிறாரா, மறுபடி ஏதாவது வந்திருக்கிறதா என்று கார்டைத் திறந்தேன். எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஒன்றும் விட்டுப் போகவில்லை. வரிசையின் கடைசியில் ஒரே ஒரு புதுப் படம்.

நான்தான். ஜன்னல் பக்கம் நிற்கிறேன். அவருடைய மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கடைக்காரன் பழசைக் கொடுத்துவிட்டானா என்று தேதி பார்க்கிறேன். புருவம் நெரிந்து, உதடு இறுகி, அந்த அட்டை ஏதோ திருடிவிட்ட மாதிரி முறைக்கிறேன். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுத்திருக்க வேண்டும், கொஞ்சமும் ஆடவில்லை. அவ்வளவு தெளிவு.

நிறைய நேரம் பார்த்தேன். கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு நாள் பூராவும் தெரிகிற முகம் இதுதான். இந்த முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்துதான் அந்த மனுஷர் குளியலறையில் டார்ச்சோடு நின்றிருக்கிறார்.

கேமராவை அவரிடம் காட்டி, “இப்படியாங்க முழிக்கறேன் நான்?” என்றேன். சிரிக்கப் பார்த்தார், தையல் விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. சிலேட்டை எடுத்து எழுதினார்: ‘நல்லா வுழுந்திருக்குதா?’

“நல்லா வுழுந்திருக்குதுங்க” என்றேன்.

பிறகு அடுப்படிக்கு வந்து அழிக்கிற பட்டன் மேல் விரலை வைத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுத்துவிட்டேன். நடுவில் ஒரு எண் விட்டுப் போனால் அப்புறம் நானே யாரையாவது கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன். சக்கரத்தையும் திருப்பவில்லை. ரோஜா மொட்டைப் படம் எடுக்கச் சொல்லிப் பிருந்தாவிடம் கேமராவைக் கொடுத்தேன். அவள் கண்ணுக்கு மைனஸ் பக்கமே சரியாக இருந்தது.